நம் கடல் ஏன் தாழ்ந்திருக்கிறது?

கல்முனையை அண்டிய மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கரையில் நின்று பார்த்தால் கடல் மட்டமாகத்தான் தெரியும். செய்மதிகளின் அளவீடு வேறு கதை சொல்கிறது. துருவங்களில் சற்றுத் தட்டையான, ஒழுங்கான ஒரு கோளமாகப் புவியை எடுத்துக்கொண்டு, கடலின் மேற்பரப்பு அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், நமது கரையோரம் 90 மீற்றருக்கும் கூடுதலாகத் தாழ்ந்திருக்கிறது. இலங்கைக்குத் தென்மேற்கே அந்தத் தாழ்வு 106 மீற்றர் அளவுக்குப் போகிறது. உலகக் கடல்களில் ஆகத் தாழ்ந்த இடம் அதுதான். நியூகினித் தீவை அண்டிய கடலோ இதே கணக்கில் 80 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது.

இந்தச் சரிவில் எந்தப் படகும் வழுக்கிப் போவதில்லை. எது மட்டம் என்பதைத் தீர்மானிப்பதே ஈர்ப்புத்தான். ஈர்ப்புக் கூடிய பக்கம் தண்ணீர் இழுபட்டுச் சேர்கிறது, குறைந்த பக்கம் தாழ்கிறது. அப்படிச் சமநிலைக்கு வந்துவிட்ட பரப்பில் தென்கடலுக்குப் போகும் மீனவருக்கு இறக்கமும் இல்லை, திரும்பி வருகையில் ஏற்றமும் இல்லை.

கப்பலில் ஈர்ப்பை அளந்துகொண்டு போன நெதர்லாந்து அறிஞர் வெனிங் மைனஸ் 1948இல் இந்தத் தாழ்வைக் கண்டறிந்தார். காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 2023இல் ஒரு விடையை முன்வைத்தனர். கடந்த 14 கோடி ஆண்டுகளில் புவியின் உட்பாறை நகர்ந்த விதத்தைக் கணினியில் பல மாதிரிகளாக ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது, பழைய டெதிஸ் கடலின் அடித்தளப் பாறை புவிக்குள் அமிழ்ந்தது. அது ஆபிரிக்காவுக்குக் கீழே ஆழத்தில் கிடந்த வெப்பப் பாறைத் திரளைக் குழப்பிவிட்டது. அதிலிருந்து கிளம்பிய சூடான, அடர்த்தி குறைந்த பாறை நமது சமுத்திரத்தின் அடியில் வந்து பரவியது. அடர்த்தி குறைந்தால் திணிவு குறையும், திணிவு குறைந்தால் இழுவையும் குறையும். இன்றைய வடிவத்தை இந்தத் தாழ்வு அடைந்தது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் கணிப்பு.

இந்தக் குறைவு நம் உடம்புக்குத் தெரியாத அளவு சிறியது. அதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தருவது புவியின் சுழற்சியும் நடுப்பகுதிப் புடைப்பும். பாடநூலில் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.81 மீற்றர்/செக்கன்² என்று இருக்கும். துருவத்தில் அது 9.83, பூமத்திய கோட்டை அண்டி 9.78. கல்முனை ஏழரைப் பாகை அகலக்கோட்டை ஒட்டியிருப்பதால் நமக்கும் 9.78தான். பாரிஸில் சரிபார்த்த இலத்திரனியல் தராசை அப்படியே கொண்டுவந்து இங்கே 10 கிலோ பாரையை நிறுத்தால், ஏறத்தாழ 30 கிராம் குறைத்துக் காட்டும். இருதட்டுத் தராசில் அந்தப் பிசகு வராது. மீனையும் படிக்கல்லையும் ஒரே ஈர்ப்பு இழுப்பதால் இரண்டும் சமமாகவே குறையும்.

புவியைத் தாண்டினால் வேறுபாடு பெருக்கெடுக்கிறது. இங்கே 60 கிலோ காட்டும் ஒருவரைச் சந்திரனில் அதே தராசு 10 கிலோ என்று காட்டும். செவ்வாயில் 23க்குச் சற்றுக் குறைவு, வியாழனின் மேகத் தலைப்பில் 150ஐத் தாண்டும். பெரிய கோள் என்றால் ஈர்ப்பும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். சனி அதைப் பொய்யாக்குகிறது. அதன் திணிவு புவியைப்போல் 95 மடங்கு. ஆனால் மேகத் தலைப்பு மையத்திலிருந்து புவியின் ஆரையைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிக தொலைவில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஈர்ப்புக் குறைவதால், அங்கே நமது நிறை இங்குள்ளதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

புதனையும் செவ்வாயையும் பாருங்கள். செவ்வாயின் திணிவு புதனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனாலும் இரண்டிலும் ஈர்ப்பு 3.7. புதன் சிறியது, ஆனால் அதன் பெரும்பகுதி இரும்பு. சனியின் துணைக்கோள் டைட்டன் புதனைவிடப் பருமனில் பெரியது. அதன் ஈர்ப்போ 1.35, நமது சந்திரனின் 1.62ஐவிடக் குறைவு. டைட்டனில் பனிக்கட்டி நிறைந்திருப்பதே காரணம். துளையிடாமல், தோண்டாமல் ஒரு கோளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஈர்ப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. சந்திரனிலும் இதுதான் நடந்தது. அதைச் சுற்றிய விண்கலங்கள் சில சமவெளிகளுக்கு மேலே வழமைக்கு மாறாக வேகம் கூடுவதை 1968இல் கவனித்தார்கள். அடியில் அடர்த்தியான பாறை புதைந்திருந்தது. நமது கடலுக்கு நேர்மாறான நிலை.

ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கோள்களுக்கும் இதே வழிதான். தன் விண்மீனுக்குக் குறுக்கே கோள் போகும்போது ஒளி எவ்வளவு மங்குகிறதோ அதிலிருந்து ஆரை கிடைக்கிறது. விண்மீன் எவ்வளவு அசைகிறதோ அதிலிருந்து திணிவு. ஏறத்தாழ 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளின் திணிவு புவியைப்போல் எட்டு மடங்குக்கு மேல், ஆரை இரண்டரை மடங்குக்கு மேல். கணக்குப் போட்டால் ஈர்ப்பு நம்முடையதைவிடக் கால் பங்கு மாத்திரமே கூடுதல். முழுக்கப் பாறையாக இருந்தால் இந்தப் பருமன் வராது. மீதி இடத்தை நிரப்புவது தண்ணீரா, வாயுவா என்பதே இன்றைய விவாதம்.

இத்தனைக்கும் தொடக்கம் ஓர் ஊசல். பிரெஞ்சு வானியலாளர் ஜீன் ரிஷேர் 1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் நகருக்கு ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். பூமத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள அந்த ஊரில் அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுகிறது என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதற்சான்று அது. உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்தில் நம் பிள்ளைகள் ஆட்டுவதும் அதே எளிய ஊசலைத்தான். ஒரு மீற்றர் ஊசல் 100 அலைவுக்கு எடுக்கும் நேரத்தில், 9.81க்கும் 9.78க்கும் இடையே ஏறத்தாழ 0.3 செக்கன் வித்தியாசம் இருக்கிறது. அலைவுகளைக் கூட்டி, பொறுமையாக அளந்தால் அது பிடிபடும். விடை 9.78 என்று வந்தால், பாடநூலுக்கு ஏற்ப அதை 9.81 ஆக்கி எழுதவேண்டாம். கல்முனைக்கு அதுதான் சரியான விடை.