கணினிப் பெட்டியின் உள்ளமைப்பை மதிப்பிடுதல்

மேசைக் கணினியின் தாய்ப்பலகை, மின்வழங்கி, வன்தட்டு முதலியவற்றைத் தாங்கி நிற்கும் கூடு கணினிப் பெட்டி எனப்படும். பேச்சு வழக்கில் இதனைக் கேபினட் என்பர். பெட்டி எந்தக் கணக்கையும் செய்வதில்லை. ஆனால் உள்ளே வெப்பம் எவ்வளவு தேங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பவை பெருமளவு அதைப் பொறுத்தவை. ஆகவே வாங்குமுன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது நல்லது.

இட அளவு

இன்றைய பெட்டிகளுள் பல, இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் தரத்தைப் பின்பற்றுகின்றன. முழு அளவு ஏ.டி.எக்ஸ் தாய்ப்பலகை 305 × 244 மி.மீ.; மைக்ரோ ஏ.டி.எக்ஸ் 244 × 244 மி.மீ. வரை இருக்கும். தாய்ப்பலகை பொருந்தினால் மட்டும் போதாது. வரைகலை அட்டையின் நீளத்திற்கும் செயலிக் குளிர்விப்பானின் உயரத்திற்கும் இடம் வேண்டும். 160 மி.மீ. உயரம் வரை இடமுள்ள பெட்டியில் 165 மி.மீ. குளிர்விப்பானைப் பொருத்தினால் பக்கத் தகட்டை மூட முடியாது.

காற்றோட்டம்

பொதுவாகக் குளிர்ந்த காற்று முன்புறம் நுழைந்து, வெப்பக் காற்று பின்புறமும் மேற்புறமும் வெளியேற வேண்டும். முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் குறுகிய இடுக்கு மட்டும் விட்ட பெட்டியில் எத்தனை மின்விசிறிகள் இருந்தும் காற்று போதாமல் போகலாம். வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது விரைவான செயலிக்குக் கொடுத்த விலை வீணாகும்.

நுழையும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று மிகுந்திருந்தால், இடுக்குகள் வழியே தூசி புகுவது குறையும். நுழைவழியில் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருப்பது நன்று. கம்பிகள் காற்றின் பாதையை மறிக்காதவாறு, தாய்ப்பலகைத் தகட்டின் பின்னால் அவற்றைக் கொண்டுசெல்லத் துளைகளும் இடைவெளியும் தேவை.

பொருத்துதலும் பழுது பார்த்தலும்

தகட்டு விளிம்புகள் மடிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் கையைக் கிழிக்கும். செயலிக்குப் பின்புறம் தகட்டில் திறப்பு இருந்தால், பல குளிர்விப்பான்களைத் தாய்ப்பலகையைக் கழற்றாமலே மாற்றலாம். தாய்ப்பலகையைத் தாங்கும் சிறு பித்தளைத் தாங்கிகள் அதன் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று மிகுதியாக இருந்தால், அது பலகையின் அடியிலுள்ள மின்சுற்றைத் தொட்டுக் குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம்.

எளிய சோதனை

ஏற்கெனவே உள்ள கணினியையும் சோதிக்கலாம். பக்கத் தகட்டை மூடி, கனமான ஒரு வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டுச் செயலியின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை அணைத்துத் தகட்டைக் கழற்றி, அதே அறையில் அதே வேலையை மீண்டும் ஓடவிடுங்கள். ஓடும்போது உள்ளே கை வைக்கக் கூடாது. இம்முறை வெப்பநிலை வெகுவாகக் குறைந்தால், பெட்டியின் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். செயலியை மாற்ற எண்ணுவதற்கு முன், வடிகட்டியைத் துடைத்துக் கம்பிகளை ஒதுக்கிப் பார்ப்பதே முதல் வேலை.