இடைப்பருவத்தில் தாகித்திச் சுற்றுலா

பிரெஞ்சுப் பொலினீசியாவின் மிகப் பெரிய தீவு தாகித்தி ஆகும். எரிமலைத் தீவான இது தென் அகலக்கோடு ஏறத்தாழ 17½° இல், பசுபிக் சமுத்திரத்தில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும். எனவே பயணக் காலத்தைத் தீர்மானிப்பவை மழைவீழ்ச்சியும் பயணிகளின் நெரிசலுமே.

1. ஈரப் பருவம் (நவம்பர் – ஏப்ரல்): கனமழை பெய்யும்; ஈரப்பதன் அதிகம்; சிலவேளை சூறாவளியும் ஏற்படலாம்.

2. உலர் பருவம் (மே – ஒக்டோபர்): தென்கிழக்கு வியாபாரக் காற்று வீசும், மழை குறைவு. யூலையில் ஹெய்வா விழா நடைபெறும். யூலை, ஓகஸ்டில் ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் சேர்வதால் கட்டணங்கள் உயரும்.

3. இடைப்பருவம்: உலர் பருவத்தின் இரு விளிம்புகளான மே மாதமும் செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களும் ஆகும். மழையும் நெரிசலும் அளவோடு இருப்பதால் குறைந்த செலவில் பயணிக்கலாம். தீவு மக்களுக்கும் உச்சப் பருவத்துக்கு வெளியே வருமானம் கிடைக்கின்றது.

தங்குமிடத் தெரிவும் முக்கியமானது. காற்றை எதிர்நோக்கும் கிழக்குக் கரை அதிக மழையைப் பெறும். மலைகளின் மறைவில், வடமேற்கிலுள்ள தலைநகர் பப்பீற்றே குறைவாகப் பெறும்.

கவனிக்க: யூலை, ஓகஸ்ட் மாதங்கள் அங்கு கோடை எனப் பல மாணவர்கள் எழுதுகின்றனர். இது தவறாகும். தென்னரைக்கோளத்தில் அக்காலம் மாரியாகும்.