பந்தயத் திடலின் மறுபக்கம் – 6: ஊசி ஏறிய குதிரை, தோற்ற சீட்டு

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒருவர் கட்டும் பணம், அதே ஓட்டத்துக்கு மற்றவர்கள் கட்டிய பணத்தோடு ஒரே தொகுப்பில் சேர்கிறது. அதிலிருந்து திடல் நிர்வாகமும் அரசும் தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றன. முதலில் வரும் குதிரைக்குக் கட்டும் 'வின்' சீட்டில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஊசி போட்ட குதிரை முதலில் வந்தாலும் திடலின் பங்கு குறைவதில்லை. முழு நஷ்டமும் நேர்மையாக ஓடிய குதிரையின் மேல் கட்டியவர் தலையில்தான் விழுகிறது.

2020 மார்ச் 9 அன்று நியூயார்க்கின் மத்திய அரசு வழக்கறிஞர்கள் 27 பேர் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுகளை அறிவித்தார்கள். அவர்களில் ஜோர்ஜ் நவாரோ, ஜேசன் சர்வீஸ் இருவரும் பெயர்பெற்ற பயிற்சியாளர்கள். சர்வீஸ் பயிற்றுவித்த 'மேக்சிமம் செக்யூரிட்டி' என்ற குதிரை, 2018 டிசம்பரில் முதன்முதலாக ஓடியது. யார் வேண்டுமானாலும் 16,000 டாலருக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய கீழ்மட்ட ஓட்டம் அது. பதினான்கே மாதத்தில், 2 கோடி டாலர் பரிசுள்ள சவுதி கோப்பையில் அதே குதிரை முதலில் வந்தது. நவாரோவோ தன் லாயத்தில் 'ஜூஸ் மேன்' என்று எழுதிய காலணி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார். அமெரிக்கப் பந்தயக்காரர்களின் பேச்சில் 'ஜூஸ்' என்றால் ஊக்கமருந்து.

சீட்டு வாங்குபவர்களுக்கு இதெல்லாம் அதிர்ச்சிச் செய்தியாக இருக்கவில்லை. ரேஸ் தாளில் ஒவ்வொரு பயிற்சியாளரும் நூற்றுக்கு எத்தனை ஓட்டம் ஜெயிக்கிறார் என்ற கணக்கு அச்சாகிறது. ஐந்தில் ஒன்று ஜெயித்தாலே கெட்டிக்காரர் என்று பெயர்; இவ்விருவரும் நான்கில் ஒன்றுக்கு மேல் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் சுமாராக ஓடிய குதிரை, லாயம் மாறிய சில வாரங்களில் முன்பு தன்னைத் தோற்கடித்த குதிரைகளை எளிதாக முந்தும். தீவனம், லாடம், பயிற்சி முறை ஆகியவற்றாலும் குதிரை தேறும் என்பதால், இந்தக் கணக்கு ஒன்றே குற்றத்துக்குச் சாட்சியாகாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் பணம் அந்தப் பக்கம் சாய்கிறது. பலர் குதிரையைப் பார்க்காமல் பயிற்சியாளரின் பெயருக்கே கட்டுகிறார்கள். அதனால் ஜெயித்தாலும் கிடைப்பது சொற்பமாகிறது. குதிரையின் பழைய ஓட்டங்களைப் படித்து, தரையின் ஈரத்தையும் தூரத்தையும் எடைபோட்டுக் கட்டுபவரின் உழைப்புக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. பந்தயத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

பரிசோதனைக் கூடம் எதைத் தேடுகிறதோ அதை மட்டுமே கண்டுபிடிக்கும். சர்வீஸ் தன் குதிரைகளுக்குக் கொடுத்துவந்த எஸ்ஜிஎஃப்-1000 என்ற கலவை அப்போதைய சோதனைகளுக்குச் சிக்கவில்லை. எஃப்பிஐயின் தொலைபேசி ஒட்டுக்கேட்புதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. நவாரோ பயிற்றுவித்த 'எக்ஸ் ஒய் ஜெட்' என்ற குதிரை 2019இல் துபாயில் பெரிய ஓட்டம் ஒன்றை ஜெயித்து, 2020 ஜனவரியில் இறந்தது. அதற்கு ஊக்கமருந்து கொடுத்ததை அவரே பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2021 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை, சுமார் 2.58 கோடி டாலர் திருப்பிச் செலுத்தவும் உத்தரவானது. சர்வீஸுக்கு 2023இல் நான்காண்டு.

பந்தயக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கென்டக்கி டெர்பியின் இரண்டு ஓட்டங்கள் காட்டுகின்றன. 2019இல் மேக்சிமம் செக்யூரிட்டி முதலில் வந்தும், மற்ற குதிரைகளின் வழியை மறித்ததற்காக, முடிவு உறுதியாகும் முன்பே கீழே இறக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த 'கன்ட்ரி ஹவுஸ்' மேல் 2 டாலர் கட்டியவருக்கு 132.40 டாலர் கிடைத்தது. 2021இல் ஜெயித்த 'மெடினா ஸ்பிரிட்' ரத்தத்தில், ஓட்டத்தன்று இருக்கக்கூடாத பீட்டாமெத்தசோன் 21 பிக்கோகிராம் அளவில் காணப்பட்டது. தோல்நோய்க் களிம்பிலிருந்து வந்தது என்றது பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு. 2022 பிப்ரவரியில் வெற்றி 'மேண்டலூன்' பெயருக்கு மாற்றப்பட்டது. முதல் பரிசுத் தொகையும் அதன் உரிமையாளருக்கே என்றானது. மேண்டலூன் மேல் கட்டியவர்களுக்கு ஒரு காசும் இல்லை. முடிவு உறுதியானதும் தொகுப்பு பிரிக்கப்பட்டுவிடும். அதன்பின் எது தெரியவந்தாலும் சீட்டுக் கணக்கு மாறாது.

வழக்குப் போட்டவர்களும் உண்டு. மெடினா ஸ்பிரிட் விவகாரத்தில் பந்தயக்காரர்கள் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. நியூ ஜெர்சியில் 2016இல் நடந்த வண்டிக் குதிரைப் பந்தயம் ஒன்றில் ஏமாந்த ஒருவருக்கு மட்டும், 2020இல் சமரசமாக 20,000 டாலர் கிடைத்தது. ஊசி போட்டவரிடமிருந்து பந்தயக்காரர் ஒருவர் பணம் பெற்றது மிக அபூர்வம்.

2020 டிசம்பரில் நிறைவேறிய தேசியச் சட்டத்தின்படி, 2023 மே 22 முதல் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட மருந்து விதிகளுக்குப் பதிலாகப் பெரும்பாலான மாநிலங்களில் ஒரே விதித்தொகுப்பு வந்திருக்கிறது. ஓட்டமில்லாத நாட்களிலும் முன்னறிவிப்பின்றி லாயத்துக்கே போய் ரத்தம் எடுக்கலாம். ஆனால் முடிவு உறுதியானபின் சீட்டுக் கணக்கைத் திறப்பதில்லை என்ற பழைய விதியை இந்தச் சட்டம் தொடவில்லை.

(தொடரும்)