பொழுது சாயும் முன்…

மாலை 6 மணியளவில் காலிமுகத்திடலுக்குச் சென்றால் ஓர் இனிய காட்சியைக் காணலாம். சூரியன் கடலை நெருங்கியதும், பட்டம் விடும் சிறுவரும் காற்று வாங்க வந்த முதியோரும் மேற்கே திரும்புகின்றனர். கமராக்களும் கைத்தொலைபேசிகளும் உயர்கின்றன. அந்த அழகைப் படமாக்கிச் சேமித்துவிட வேண்டுமென்ற ஆவல் இன, மத பேதமின்றி அனைவரையும் ஆட்கொள்கிறது. படைப்பின் அழகில் மனம் லயிப்பதும் படைத்தவரைப் போற்றும் செயலே.

படம் பிடிப்போர் விரைவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில், சூரியனின் விளிம்பு அடிவானத்தைத் தொட்டதிலிருந்து அது முற்றாக மறைய 2 நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரமே செல்கிறது. வியப்பான இன்னுமோர் உண்மையும் உண்டு. செந்நிற வட்டம் கடலைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் வேளையில், சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும். வளிமண்டலம் ஒளியை வளைப்பதனாலேயே அது இன்னும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நேரம் இருக்கிறது என்று நாம் எண்ணும்போதே நேரம் கடந்துவிடுகிறது!

திருவிவிலியத்திலும் சூரியன் மறையும் வேளை பொருள் பொதிந்தது. கப்பர்நாகூமில் ஓய்வுநாள் முடிந்து கதிரவன் மறையும் நேரத்தில், மக்கள் தம் நோயாளரை இயேசுவிடம் கொண்டுவந்தனர். அவர் கூட்டத்தினரைப் பொதுவாக ஆசீர்வதித்து அனுப்பிவிடவில்லை. ஒவ்வொருவர் மேலும் தம் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார் (4:40). புனித பவுலோ, கதிரவன் மறையும் வேளையைச் சினத்துக்கு எல்லையாக வைக்கிறார் (எபேசியர் 4:26). கோபம் வருவது மனித இயல்பு என்பதை அவர் அறிவார். ஆயினும், அதை மறுநாளுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம் என்கிறார்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு துண்டுக் காணிக்காகப் பல வருடங்கள் பேசாதிருக்கும் உடன்பிறப்புகள் எத்தனை பேர்! ஒரே ஆலயத்தில் திருப்பலியில் பங்குகொண்டு, சமாதானம் பகிரும் வேளையில் மறுபுறம் திரும்பிக்கொள்வோர் எத்தனை பேர்! வெளிநாட்டில் வாழ்ந்த தமையனின் மரணச் செய்தி வந்த பின்னர், ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று கலங்குவோரும் நம் மத்தியில் உள்ளனர். அவர்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே இருந்தவர்கள்.

இன்று தவறவிட்ட படத்தை நாளைய மாலையில் எடுக்கலாம். இன்று தவறவிட்ட ஒப்புரவுக்கு நாளை ஒன்று வாய்க்குமென்ற உறுதி எவருக்கும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை கடற்கரையில் நின்று படம் எடுத்ததும், நீண்ட காலம் தவிர்த்து வந்த அந்த இலக்கத்தை அதே கைத்தொலைபேசியில் அழையுங்கள். முதல் வார்த்தை கடினமானதே. யாருடைய பிழை என்ற வழக்கை அன்று திறக்க வேண்டாம். சுகம் விசாரித்தாலே போதும். மாலைப் பொழுதில் ஒவ்வொருவரையும் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் கரம் உங்கள் இருவரையும் தொடுவதாக!