கடல் கடந்த நல்லதங்காள்
பேராக் தோட்டங்களில் ஒரு கதைப்பாட்டு

ஒரு பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைப் பாடியவர் யார், அச்சிட்டவர் யார் என்று தேடுவது வழக்கம். கேட்டவர் யார் என்று தேடுவோர் சிலரே. ஏட்டுப் புலவர் செய்யுளுக்கு இது பெருங்குறையன்று. ஆனால் கதைப்பாட்டுக்கோ கேட்பவரே பாதி ஆசிரியர். எங்கே அழ வேண்டும், எங்கே சினக்க வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கையே முடிவு செய்கிறது. தமிழகத்தில் பிறந்து, பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்த நல்லதங்காள் கதை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

கதையும் அதன் களமும்

கதைப்பாடல்களைப் புராணம், வரலாறு, சமூகம் என மூவகைப்படுத்துவர் அறிஞர். நல்லதங்காள் கதை மூன்றாம் வகையினது. அதில் போர் இல்லை. பேரரசின் வீழ்ச்சி இல்லை. மழை பொய்த்த நாட்டில் ஏழு குழந்தைகளுக்குச் சோறிட வழியற்ற ஒரு தாய், அண்ணன் நல்லதம்பியை நம்பிப் பிறந்தகம் செல்கிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பின்னர் அடுப்பெரியாத ஈர மட்டையைக் கொடுத்து அவமதிக்கிறாள். மானம் பொறாத நல்லதங்காள் குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து, தானும் வீழ்ந்து மாய்கிறாள். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் உண்டு. அவள் வீழ்ந்த கிணறு என்று ஒன்றையும் காட்டுவர்.

வேளாண்மை மழையை நம்பியிருந்த நாட்டில் இக்கதை பரவியதில் வியப்பில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மக்கள் நினைவை விட்டு நெடுங்காலம் அகலவில்லை. 'பெரிய எழுத்து' நூல்களாக மலிவு விலையில் இக்கதை அச்சேறியது. இத்தகைய நூல்கள் பலவற்றின்மேல் நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரின் பெயரைப் பதிப்பகத்தார் பொறித்தனர். நடையை நோக்குவார்க்கு அது பொருந்தாமை தெற்றெனப் புலனாகும். எழுத்தறிந்த ஒருவர் இராகம் போட்டு வாசிக்க, எழுத்தறியாதார் சுற்றியிருந்து கேட்பதே இந்நூல்களைத் துய்க்கும் முறை.

தோட்டத்திற்கு வந்த வழி

பஞ்சம் வாட்டிய அந்த ஆண்டுகளிலேயே, 1877ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்துக் குவாலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகள் தத்தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களின் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தனர். ஒரே பகுதியினர் ஒரே லயத்தில் குடியேறியதால் அவர்களுடைய தெய்வமும் பேச்சும் பாட்டும் கலையாமல் உடன்வந்தன. திருவிழா இரவுகளில் அரிச்சந்திரன், பவளக்கொடி, வள்ளி திருமணம் ஆகியவற்றோடு நல்லதங்காளும் நாடகமாக நடிக்கப்பெற்றாள்.

மாறிய பொருள்

கதை மாறவில்லை, கேட்டவர் நிலை மாறியது. தமிழகத்துச் சிற்றூரில் அண்ணன் வீடு ஒரு நாள் நடைத்தொலைவில் இருக்கும். ஆகவே அங்கே கேட்பவரின் சினம் முழுதும் மூளி அலங்காரியின்மேல் பாய்ந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, வாளியுடன் பால்மரம் வெட்டப் போன பெண்ணுக்கோ பிறந்தகம் கடலுக்கு அப்பால் இருந்தது. அடைத்த கதவைத் தட்டும் வாய்ப்புக்கூட அவளுக்கு இல்லை. 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் வேலையிழந்து திருப்பியனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளவில்லை. அந்நாளில் குழந்தைகளோடு தனித்து நின்ற தாய்க்கு, ஏழு குழந்தைகளின் பசி பழங்கதையாகத் தோன்றியிருக்க இயலாது. அண்ணியின் கொடுமையினும் ஆதரவற்ற தொலைவே அங்குக் கதையின் உயிராயிற்று எனக் கருத இடமுண்டு.

எதிர்ப்பும் மறுமொழியும்

இக்கதையை அனைவரும் போற்றினர் என்று கொள்ளலாகாது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்த காலந்தொட்டுச் சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்களிலும் பரவின. பத்தினித்தன்மையின் பெயரால் பெண்ணைச் சாவுக்கு அனுப்பும் கதைகள் எதற்கு என்னும் வினா அக்கருத்துகளின் வழியே எழுவது இயல்பு. அவ்வினா நேர்மையானதே. கிணற்றைத் தவிர வேறு வழியில்லை என்று கற்பிக்கும் கதை தீங்கானது. எனினும் கேட்டவர் அனைவரும் அப்படியே கற்றனர் என்பதற்கில்லை. கதை கேட்டு அழுத பெண்கள் மறுநாளும் பெரட்டுக்குப் போயினர். பிள்ளைகளைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர். தம் வாயால் சொல்ல இயலாத துயரை நல்லதங்காளின் வாயால் சொல்லிக்கொள்ளக் கதை அவர்களுக்கு இடம் தந்தது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் பழங்கதைப்பாடல்களை ஏழைக் குடியேறிகள் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்கு எடுத்துச் சென்றனர். 1916 முதல் 1918 வரை அங்கு அலைந்து அவற்றைத் திரட்டினார் செசில் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர். 'பார்பரா ஆலன்' போன்ற பாடல்கள் தாயகத்திலும் மலைக்குடிகளின் வாயிலும் வெவ்வேறு வடிவங்களில் வாழ்ந்தன. அந்த மலைப்பாடல்களே பின்னர் இசைத்தட்டில் ஏறிய அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு ஒரு வேராயின.

எஞ்சியிருப்பது

தமிழகத்தில் நா. வானமாமலை கட்டபொம்மு, முத்துப்பட்டன் முதலிய கதைப்பாடல்களைப் பதிப்பித்து, அவை சமூக வரலாற்றுக்கு மூலங்கள் என நிறுவினார். பேராக்கிலோ பாட்டைக் கேட்ட கூட்டமே கலைந்துவிட்டது. மலாயா விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறின. லயத்து மக்கள் ஈப்போ முதலிய நகர்களுக்குப் பிரிந்து சென்றனர்.

பெரிய எழுத்து நூல் அச்சில் இருப்பதால் அழியாது. தோட்டத்தில் எந்த இடத்தில் குரல் தழுதழுத்தது, எந்த அடியைக் கேட்டோர் திரும்பப் பாடச் சொன்னார்கள், கிணற்றங்கரையில் எவர் எழுந்து வெளியே போனார் என்பன எந்நூலிலும் இல்லை. அவை முதியோர் நினைவில் மட்டும் உள்ளன. ஒவ்வொரு தமிழாசிரியரும் தம் மாணவரை வீட்டு மூதாட்டியிடம் அனுப்பி, "நல்லதங்காள் கதையை எங்கே கேட்டீர்கள், பாட்டி?" என்று வினவச் செய்வாராயின், பாட்டோடு ஒரு மக்களின் வரலாறும் ஏட்டில் ஏறும். அதற்குரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே.