கழற்றுவதற்கு முன்: பழைய புல்லட்டை வீட்டிலேயே பேணுதல்

வார்ப்பிரும்பு உருளை கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட், உரிமையாளரின் கை அவ்வப்போது படும் என்பதை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்ட வண்டி. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் தாமாகவே சரியாகிக்கொள்ளும் அல்லது பல்லாயிரம் கிலோமீட்டருக்கு மாறாதிருக்கும் இடைவெளிகளும் இழுவைகளும் அந்த வண்டியில் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே விலகக்கூடும் என்பதால், அதை வெகுதூரப் பயணத்துக்கு வைத்திருப்பவர் ஓரளவுக்கேனும் மெக்கானிக்காக இருந்தாக வேண்டியிருக்கிறது. எனினும் வீட்டில் நடக்க வேண்டிய வேலையில் பெரும்பகுதி பழுதுபார்ப்பைவிட அளவு திருத்துவதையே சார்ந்தது. பழைய புல்லட்டுகள் பலவற்றின் கதையை விசாரித்தால், அவற்றைக் கெடுத்தது வயதைக் காட்டிலும், ஒரு திருகைத் திருத்தினால் போதும் என்ற இடத்தில் இயந்திரத்தையே பிரித்துப் போட்ட அவசரம்தான் என்பது தெரியவரும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கிய திருவொற்றியூர் ஆலை, 1962 அளவில் எல்லாப் பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்யும் நிலையை எட்டியது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டு, பின்னர் தாய் நிறுவனமும் மறைந்துபோன பிறகும், திருவொற்றியூரில் அதே வடிவமைப்பு பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. ஐம்பதுகளின் பொறியியல் இந்த நூற்றாண்டுவரை நீடித்ததற்கு நல்ல காரணமும் உண்டு, சோம்பலான காரணமும் உண்டு. எதுவாயினும், பல பத்தாண்டுகள் இடைவெளி கொண்ட இரு வண்டிகளின் உதிரிபாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்துவது இன்றைய உரிமையாளருக்குக் கிடைத்த பேறு.

இந்த இயந்திரத்தில் உருளையின் 70 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் 90 மில்லிமீட்டர் தூரமும் சேர்ந்து 346 சி.சி. கொள்ளளவைத் தருகின்றன. இன்றைய வண்டிகளில் இயந்திரம், கிளட்ச், கியர் ஆகிய மூன்றும் ஒரே கூட்டுக்குள் ஒரே எண்ணெயில் இயங்கும்போது, பழைய புல்லட்டில் கியர் பெட்டி தனிக் கூடாகவும், இயந்திரத்தின் சுழற்சியை அதற்குக் கொண்டுசெல்லும் பிரைமரி செயினும் கிளட்ச்சும் இடப்பக்கத்தில் மற்றொரு கூட்டுக்குள்ளும் அமைந்துள்ளன. ஆகவே எண்ணெய் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. இயந்திர ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பிரைமரி கூட்டை ஆண்டுக்கணக்கில் திறக்காமல் விட்டுவிடுவது மிகப் பரவலான அலட்சியம். அங்கே எண்ணெய் வற்றினால் செயின் தேய்ந்து நீளும், தேவைக்கு மேல் தடித்த எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் முழுமையாக விடுபடாமல் கியர் மாற்றும்போது உறுமும்.

கருவிகளைப் பொறுத்தவரை, விலையைவிட அளவுதான் முக்கியம். பழைய புல்லட்டின் நட்டு, போல்ட்டுகளில் பல பிரிட்டிஷ் மரை அளவுகளில் இருப்பதால், மெட்ரிக் ஸ்பேனரை ஏறக்குறையப் பொருந்துகிறதென்று மாட்டித் திருகும்போது நட்டின் முனைகள் மழுங்கிவிடுகின்றன. பின்னர் அதைக் கழற்ற உளியும் சுத்தியும் தேவைப்படும். வண்டிக்குரிய ஸ்பேனர் செட், இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜ், மின்னழுத்தத்தைக் காட்டும் மல்ட்டிமீட்டர், இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஆகிய நான்கும் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வீட்டிலேயே வைக்காதிருப்பது நலம்.

புல்லட்டைப் பற்றிய புகார்களில் முதலிடம் பெறுவது கிக்கர் உதைத்தும் கிளம்பாமை. இதில் பாதிக்குமேல் உதைப்பவரின் முறையைச் சார்ந்தது. பெரிய ஒற்றை பிஸ்டன் காற்றுக் கலவையை அழுத்தும் கட்டத்தில் நிற்கும்போது கிக்கரை மிதித்தால் கால் எதிர்ப்பைத்தான் சந்திக்கும். அதைத் தளர்த்தவே உருளையின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷர் என்ற சிறு வால்வும் கைப்பிடியில் அதற்கான நெம்பும் உள்ளன. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே முகப்பிலுள்ள அமீட்டரைக் கவனித்தால், பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் மூடியிருக்கும்போது மின்சாரம் செலவாவதைக் காட்டி முள் ஒருபுறம் சாய்ந்தும், அவை திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பியும் வரும். கால் எதிர்ப்பை உணர்ந்து நிற்கும் இடத்தில் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரைச் சற்றே நகர்த்தி, நெம்பை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு வீச்சில் ஒருமுறை மிதித்தால் நல்ல நிலையிலுள்ள வண்டி கிளம்பிவிடும். அமீட்டரை வெறும் அலங்காரமாகக் கருதிப் பழுதானபின் மாற்றாமல் விடுபவர்கள், இயந்திரத்தின் உள்நிலையைக் காட்டும் ஒரே சாளரத்தை மூடிவிடுகிறார்கள்.

முறை சரியாக இருந்தும் கிளம்பவில்லையென்றால் பார்க்க வேண்டிய வரிசை எளியது: பொறி, பெட்ரோல், அழுத்தம். பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பதிலிருந்தே பாதி விடை கிடைக்கும். வெளிர் பழுப்பு நிறம் கலவை சரியாக இருப்பதையும், உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், வெளுத்த முனை காற்று மிகுதியையும், எண்ணெய்ப் பசை பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் உள்ளே வருவதையும் காட்டும். பொறி வலுவிழந்து மஞ்சளாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது வலப்பக்கத்துச் சிறு மூடிக்குள் இருக்கும் பாயிண்ட். அது முழுமையாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முனைகள் கருகியோ குழிவிழுந்தோ இருந்தால் மென்மையான அரத்தால் சமன்செய்து, துணியால் துடைத்தபின் அளவு வைக்க வேண்டும். முனைகள் அடிக்கடி கருகினால் குற்றவாளி அருகிலிருக்கும் கண்டென்சர். அது தொடுமுனைகள் பிரியும்போது தீப்பொறி அங்கேயே தாவிவிடாமல் மின்னாற்றலை ஏற்றுக்கொள்ளும் சிறு உருளை. சந்தையில் கிடைக்கும் மலிவான கண்டென்சர்கள் புதிதாகவே பழுதாக இருப்பதுண்டு என்பதால், வண்டியில் நன்றாக வேலை செய்யும் ஒன்றைக் கழற்றிப் பயணப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதியதை ஊரிலேயே ஓட்டிச் சோதித்துவிடும் அனுபவசாலிகளின் வழக்கம் அறிவுடையது.

அடுத்தது டேப்பெட். உருளையின் தலைப்பகுதியிலுள்ள வால்வுகளைத் திறப்பதற்குக் கீழேயுள்ள கேம் சக்கரத்தின் அசைவை நீண்ட தண்டுகள் மேலே கொண்டுசெல்கின்றன. புஷ்ராட் எனப்படும் அத்தண்டுகளின் அடியில்தான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் நட்டுகள் உள்ளன. உருளையின் வலப்பக்கத்து மூடியை ஒரே நட்டால் கழற்றினால் அவை கண்முன் நிற்கும். இயந்திரம் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அழுத்தக் கட்டத்தின் உச்சியில் இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, புஷ்ராடை இரு விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும்: தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இங்கே ஃபீலர் கேஜுக்கு வேலையில்லை; விரல்தான் கருவி. தளர்ந்த டேப்பெட் டக்டக்கென்று சத்தமிட்டு எரிச்சலூட்டும் என்பதால் பலர் அதை இறுக்கி அமைதியாக்க விரும்புகிறார்கள். இறுகிய டேப்பெட் சத்தமில்லாமல் வால்வை முழுதும் மூடவிடாமல் செய்து, எரியும் வாயுவின் சூட்டில் அதன் விளிம்பைத் தீய்த்துவிடும். சற்றே சத்தமிடும் புல்லட் ஆரோக்கியமான புல்லட் என்ற பழைய மெக்கானிக்குகளின் கருத்தில் உண்மை இருக்கிறது.

எண்ணெய்க் கசிவு புல்லட்டின் கூடப்பிறந்த குணம் என்று சிரித்து ஒதுக்கப்படுகிறது. அது பாதிதான் சரி. பிரைமரி கூட்டின் மூடி நடுவிலுள்ள ஒற்றை நட்டால் பிடிக்கப்பட்டிருப்பதால், கசிவைக் கண்டதும் அந்த நட்டை மேலும் மேலும் இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடத்தான் செய்யும். ரப்பர் வளையத்தை மாற்றி, அது அமரும் பள்ளத்தைத் துடைத்து, அளவாக இறுக்குவதே தீர்வு. அலுமினியக் கூட்டின் மரைகளும் இப்படிப்பட்ட முரட்டு இறுக்கத்தில்தான் போகின்றன. போன மரைக்குள் ஹெலிகாயில் என்னும் எஃகுச் சுருளைப் பொருத்தி மீட்கலாம் என்றாலும், அது லேத் பட்டறையின் வேலை. நிறுத்தி வைத்திருந்த வண்டியைக் கிளப்பும்போது புகை மண்டுவதும், காற்றுப்போக்கிக் குழாய் வழியே ஆயில் வழிவதும் வேறு வகை. இந்த இயந்திரத்தில் ஆயில் ஒரு தனி அறையில் தங்கி, ஒரு பம்ப்பால் உள்ளே செலுத்தப்பட்டு, மற்றொரு பம்ப்பால் திரும்ப எடுக்கப்படுகிறது. மாதக்கணக்கில் நின்றால் அது பம்ப்பைத் தாண்டிக் கீழே வடிந்து பிஸ்டனுக்கு அடியிலுள்ள அறையில் தேங்கிவிடும். அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் திறந்து வெளியேற்றிவிட்டால் தீர்ந்தது. இதை அறியாமல் ரிங் போய்விட்டதென்று இயந்திரத்தைப் பிரித்தவர்கள் உண்டு. ஆயிலையும் ஃபில்டரையும் 3,000 கிலோமீட்டருக்குமேல் தள்ளிப்போடக் கூடாது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

மின்சாரப் பகுதியில் பெரும்பாலான பழுதுகள் தளர்ந்த இணைப்பிலும் துருப்பிடித்த எர்த் ஒயரிலும் முடிகின்றன. 12 வோல்ட் பேட்டரி முழுதும் ஏறி ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், இயந்திரம் ஓடும்போது 13.5-க்குமேலும் காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறதென்று பொருள்.

பிரேக் வேலையில் ஒரு முன்னெச்சரிக்கை மற்றெல்லாவற்றுக்கும் மேலானது. பழைய டிரம் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதையோ காற்றடிப்பதையோ விட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சு நட்டை முழுதும் இறுக்குமுன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமர்ந்து பிடிப்பு கூடும். செயினின் பூட்டு இணைப்பிலுள்ள கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதால், 2319 என்றிருந்தால் அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது; பட்டன் தேயாமலிருந்தாலும் ரப்பர் மூத்துவிட்டால் நெடுந்தூரத்துக்கு ஆகாது.

கார்புரேட்டரைப் பற்றி இன்று கூடுதலாகச் சொல்ல வேண்டியிருப்பது எத்தனால் கலந்த பெட்ரோலால். 20 விழுக்காடு எத்தனால் கொண்ட எரிபொருள் பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் உப்பவும் வெடிக்கவும் செய்வதோடு, ஈரத்தை ஈர்த்து டாங்கியின் உட்புறத்தைத் துருவேற்றுகிறது. தன்னுள் ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால் கலவையைச் சற்று மெலிதாக்கவும் செய்கிறது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறுவதும், வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் கார்புரேட்டரின் கிண்ணத்தை வடித்துவிடுவதும், பிளக்கின் நிறம் வெளுத்தால் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவதும் தேவைப்படலாம். லடாக்கின் கர்துங் லா போன்ற 5,300 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் இதற்கு நேர்மாறு: காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகிவிடுவதால் கலவை தடித்து, பிளக் கருத்து, வண்டி திணறும். அங்கே பழுதைத் தேடிக் கழற்றத் தொடங்குவது வீண். சிறிய ஜெட்டும் பொறுமையும் போதும்.

வீட்டு வேலைக்கு எல்லையும் உண்டு. கிராங்க் தண்டையும் கனெக்டிங் ராடின் பெரிய முனையையும் தொடும் வேலை, உருளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் வேலை, வால்வு இருக்கையை மாற்றும் வேலை ஆகியவற்றுக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை அளக்கும் கருவிகளும் அழுத்திகளும் வேண்டும். அவற்றை நம்பகமான லேத் பட்டறையிடம் விடுவதே முறை. உதிரிபாகங்களுக்குச் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இன்றும் கைகொடுக்கின்றன. ஆனால் பெட்டியின் அச்சைப் பார்த்து ஏமாறாமல் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்க வேண்டும். 15 ஆண்டு நிறைந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதும் மறக்கத்தக்கதன்று.

நெடும்பயணம் புறப்படுவோர் இறுதி வேலைகளைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வாரத்துக்கு முன்பே முடித்து, பயணத்தின் சுமையோடு ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி, எல்லா நட்டுகளையும் மறுமுறை சரிபார்த்துவிட வேண்டும். புதிய கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டி வைத்தால், வழியில் அறுந்தாலும் இரு முனைகளை மாற்றி மாட்டிப் புறப்பட்டுவிடலாம்.