ஆச்சியின் திண்ணைக்கு அங்கீகாரம் உண்டா?

பிசான நடவு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துக் காலனிகளில் விடிவதற்குள் வீடுகள் காலியாகிவிடும். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆள் ஏற்ற வண்டி வரும். ஆறு மணிக்கெல்லாம் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிவிடுவார்கள். அங்கன்வாடி திறக்க இன்னும் நெடுநேரம் இருக்கும். அதுவும் ஊருக்குள், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் பாலம் தாண்டிப் போகுமா?

போகாது. ஆகவே பிள்ளைகள் ஆச்சியின் திண்ணைக்கு வருகின்றன.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு காலனி. ஊர்ப்பெயர் இங்கே வேண்டாம். ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்புவலி வந்து வயலில் குனிய முடியாமல் போன நாளிலிருந்து அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நடவு நாளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிடும். வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில். வாய்க்கால் பக்கம் ஒரு தட்டி கட்டியிருக்கிறார். "ஒரு நாள் ஒரு பயல காணல. தெருவெல்லாம் தேடி ஓடுனேன். படித்துறைல உக்காந்து தண்ணில கைய விட்டுட்டு இருக்கான். அன்னைக்கிக் கட்டுனது இந்தத் தட்டி" என்றார். அம்மாமார்கள் அரிசியோ, பத்து இருபது ரூபாயோ கையில் கொடுப்பார்கள். கொடுக்காதவர்களிடம் அவர் கேட்பதில்லை.

சென்ற நடவின்போது அங்குள்ள மகளிர் குழுப் பெண்கள் எங்களிடம் கேட்டார்கள்: "பிள்ளைய பாக்கதுக்கு அரசாங்கம் பணம் குடுக்குதாம்லா தோழர், ஆச்சிக்கு அதை வாங்கித் தர முடியாதா?"

அரசாங்கம் கொடுப்பது உண்மைதான். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கும் திட்டம் 1975இலேயே வந்துவிட்டது. 2006இல் அது ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் ஆனது. மத்திய சமூக நல வாரியம், இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் போன்ற அமைப்புகள் வழியாகப் பணம் போனது. 2017 சனவரியிலிருந்து மாநில அரசுகள் கைக்கு வந்தது. 2022இல் 'பால்னா' என்று பெயர் மாறியது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். பெயரைக் கேட்டதும் ஆச்சி சிரித்தார். தொட்டில்தான் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

விண்ணப்பிக்கலாம் என்று மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்துக்குக் குழுப் பெண்கள் நான்கு பேரோடு போனோம். "குழந்தைகள் காப்பகம்" என்று சொன்னதும் அங்கிருந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். வாசித்துப் பார்த்தால் அது பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கான இல்லம் பதிவு செய்யும் படிவம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் ஆகிப்போனதன் வினை. "எங்க பிள்ளைகளுக்கு நாங்க இருக்கோம் சார், காலைல போனா சாயங்காலம் வந்துருவோம்" என்று ஒரு பெண் விளக்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இன்னொரு மேசைக்கு அனுப்பினார். அங்கே கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறோம்: சங்கமா, அறக்கட்டளையா? பதிவு ஆகி எத்தனை ஆண்டு? மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு இருக்கிறதா? நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் எண் வாங்கியாயிற்றா? கட்டடம் யார் பெயரில்?

எங்கள் பெண்களிடம் இருந்தது சிறுசேமிப்புக் கணக்கும் தீர்மானப் புத்தகமும்தான். அந்த அலுவலரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதியில் உள்ளதைத்தான் கேட்டார்.

விதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017 நெறிமுறைப்படி ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. ஒரு பிள்ளையின் உணவுக்கு நாளுக்கு 12 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள தாய் மாதம் 20 ரூபாய் கட்ட வேண்டும். செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 30, மீதி 10 பங்கை நடத்தும் நிறுவனம் போட வேண்டும் என்று அந்த நெறிமுறையில் இருந்தது.

பத்துப் பங்குதானே என்று தோன்றும். சம்பளமும் உணவும் மட்டும் கணக்குப் போட்டால் மாதம் 12,300 ரூபாய். அதில் பத்துப் பங்கு 1,230. நடவுக்கூலி வாங்கும் பெண்கள் சேர்ந்து அதையும் திரட்டிவிடுவார்கள். திரட்ட முடியாதது மற்ற தொண்ணூறு பங்கை. மானியம் வந்து சேரும்வரை மாதாமாதம் அரிசியும் பருப்பும் யார் காசில் வாங்குவது? பெரிய நிறுவனத்துக்கு வங்கியில் இருப்பு இருக்கும், ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். காலனிப் பெண்கள் கந்துவட்டிக்குத்தான் போக வேண்டும். கையில் காசு உள்ளவருக்கே அங்கீகாரம் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பணம் நகரும் விதத்திலேயே அது இருக்கிறது.

வெளிநாட்டில் வேறு மாதிரியும் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2018 சூலை முதல் நடக்கும் குழந்தைப் பராமரிப்பு மானியத்தில், குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மானியம் கணக்கிட்டு, அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு அரசு நேரடியாக அனுப்புகிறது. மீதியைத்தான் பெற்றோர் கட்டுகிறார்கள். அங்கேயும் அங்கீகாரம் வாங்குவது எளிதல்ல. நடத்துகிறவர் தகுதியானவரா, பாதுகாப்பு இருக்கிறதா என்று துருவிப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், பிள்ளைகள் சமாச்சாரம். ஆனால் அங்கே பணம் பிள்ளையின் பின்னால் போகிறது. இங்கே நிறுவனத்தின் பின்னால் போகிறது.

நம் நாட்டிலேயே உழைக்கும் பெண்கள் நடத்திக்காட்டிய காப்பகங்கள் உண்டு. அகமதாபாத்தில் சேவா சங்கத்தின் பெண்கள் கூட்டுறவாகவே பாலர் நிலையங்கள் நடத்துகிறார்கள். கர்நாடகத்தில் 2023இல் தொடங்கிய 'கூசின மனெ' இன்னும் நமக்கு நெருக்கமானது. கூசு என்றால் குழந்தை, மனெ என்றால் வீடு. 4,000 ஊராட்சிகளில் காப்பகம் என்று அறிவித்து, நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பராமரிப்பாளர்கள் ஆக்கினார்கள். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் எழுதப்பட்டபோதே, பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்க்க நிறுத்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்று இரண்டாம் அட்டவணையில் இருந்தது. கண்மாய்க்கரையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

நெல்லைச் சீமையின் மற்ற பெண் தொழிலாளர்களுக்கும் சட்டம் இருந்தது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966லேயே காப்பகம் பற்றிப் பேசியது. ஆனால் அது தொழிற்கூடத்துக்கு. முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் பெண்கள் இலையையும் தூளையும் வாங்கிவந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். வீடு தொழிற்கூடம் ஆகாது என்பதால் காப்பகமும் கிடையாது. புகையிலைத் தூள் பறக்கும் முறத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளை தூங்குகிறது.

மாஞ்சோலையில் கதை வேறு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்களோ, பெண் தொழிலாளரின் பிள்ளைகள் 20 பேரோ இருந்தால் தோட்ட நிர்வாகமே காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன அந்த மலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கைதாகிச் சிறையிலிருந்த 652 பேரை விடுவிக்கச் சொல்லி 1999 சூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. காவல்துறை தடியடியில் கூட்டம் ஆற்றுக்குள் ஓடியது. இறந்த 17 பேரில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஊர்வலத்துக்குக் குழந்தையை ஏன் தூக்கி வந்தார்கள் என்று அப்போதும் கேட்டவர்கள் இருந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லாத பெண் வயலுக்கும் தூக்கிக்கொண்டுதான் போகிறாள், ஊர்வலத்துக்கும் தூக்கிக்கொண்டுதான் வருவாள். 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் அந்தத் தோட்ட வேலையும் முடிந்தது. மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு அந்தச் சட்டமும் போயிற்று. இறங்கி வந்த இளம் தாய்மார்களுக்கும் இனி இந்தத் திண்ணைகள்தான்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. நிறுவனமாகப் பதிவு செய்து மானியம் கேட்கும் வழி நமக்கு நீளமானது. உரிமையாகக் கேட்கும் வழி குறுகியது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2004 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் விரைவாக அங்கன்வாடி வேண்டும் என்றது. சத்துணவு வழங்க ஒப்பந்தக்காரர்களை விடக் கூடாது, மகளிர் குழுக்களைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. 2006 டிசம்பர் 13 தீர்ப்பு இன்னும் தெளிவு: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். அங்கன்வாடி வந்துவிட்டால், பால்னா திட்டத்தில் அதையே நாள் முழுவதும் நடக்கும் காப்பகமாக்கக் கேட்கலாம். அங்கன்வாடியோடு சேர்ந்த 17,000 காப்பகங்கள் நாடு முழுவதும் அமைக்க இலக்கு வைத்தார்கள். அதற்குத் தனிப் பணியாளரும் தனி உதவியாளரும் உண்டு. பத்துப் பங்குப் பணமும் தணிக்கைக் கணக்கும் நாம் தர வேண்டியதில்லை.

வேலை யாருக்கு என்பது அடுத்த கேள்வி. ஆச்சிக்குக் கிடைக்காது. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு கேட்கிறார்கள். ஆச்சி கைநாட்டு. இது அநியாயம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எடை போட்டுப் பதிய வேண்டும், தடுப்பூசி அட்டை வாசிக்க வேண்டும். படிப்பு வேண்டியதுதான். அதே காலனியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். ஆறு பேர் பீடி சுற்றுகிறார்கள். விளம்பரம் வந்தபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. "நமக்கெங்க குடுப்பாங்க" என்பதுதான் பதில். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் ஊருக்கு வரும்போது இந்த அக்காமார்களை உட்கார வைத்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் உங்கள் ஒன்றியத்தில் எந்த இடம் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

வேலை கிடைத்த பிறகும் சண்டை தீராது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அவரை முதலில் இடம் மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த ஆணை ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை என்று 2004 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. இந்த ஆணைகளின் நகல் கிராமசபைக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும்.

எங்கள் காலனிக்கு வருவோம். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, தாயின் வேலை எழுதி வரச் சொன்னோம். இளைஞர்கள் இரண்டே நாளில் நோட்டை முடித்துவிட்டார்கள். எண்ணினால் 38. இரண்டு குறைகிறது. மனு எழுத உட்கார்ந்தவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். ஆச்சி பெயர்களை வாசிக்கச் சொல்லி முழுவதும் கேட்டார். "கடைசி ரெண்டு வீட்டுக்குப் போகலையால நீங்க?" என்றார். காலனியின் மேற்குக் கோடியில், மற்ற வீடுகளிலிருந்து தள்ளி, புதிரை வண்ணார் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றன. பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அந்த வீட்டுப் பிள்ளைக மூணும் என் தொட்டில்ல கிடந்ததுதான். உங்க நோட்டுல கிடையாதோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே நோட்டோடு மேற்குக் கோடிக்குப் போனோம். எண்ணிக்கை 41 ஆனது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் போட்ட ரசீது வாங்கியிருக்கிறோம். நகல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் போயிருக்கிறது. அடுத்த கிராமசபையில் தீர்மானம் வைக்க வேண்டும். மேற்குக் கோடி வீட்டு மருமகள் பத்தாம் வகுப்பு முடித்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. உதவியாளர் வேலைக்கான விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்திருக்கிறோம்.